முக்கோண எஞ்சினுக்குள் சிறு காயங்கள்



தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பட்டணத்துப் பட்டறைகளுக்கு மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளப் போகிறார்கள். லாரி எஞ்சினும் மோட்டார் சைக்கிள் எஞ்சினும் சில மாதங்களில் அவர்கள் கைக்குப் பழகிவிடும். பழைய மாஸ்டா ஆர்.எக்ஸ்-7 ஒன்று பட்டறைக்குள் வந்து நின்றால் மட்டும் கை சற்றுத் தயங்கும். ஏனென்றால் அந்த எஞ்சினுக்குள் பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. அப்படிப்பட்ட எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது உள்ளே தென்படும் சிறு சேதங்களில் எதைச் சரிசெய்யலாம், எதைத் தூக்கி எறிய வேண்டும் என்பதை இன்று பார்ப்போம். பழைய வண்டியை ஆசையோடு வாங்கிவிட்டு, எஞ்சின் கூலிக்குக் கையிருப்பை எண்ணிப் பார்க்கும் குடும்பங்களுக்கும் இது தேவையான செய்திதான்.

இந்த எஞ்சினை உருவாக்கியவர் ஃபெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியர். 1964-இல் ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனம் இதைக் காரில் வைத்து விற்றது. ஜப்பானில் ஹிரோஷிமாவிலுள்ள மாஸ்டா நிறுவனம் 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் என்னும் காரில் வைத்தது. என்.எஸ்.யு. பிற்பாடு இதனாலேயே பெரும் நட்டப்பட்டது. மாஸ்டா விடவில்லை. ஆர்.எக்ஸ்-7 கார்கள் 1978 முதல் 2002 வரையிலும், அதன் பின் ஆர்.எக்ஸ்-8 கார்கள் 2012 வரையிலும் வெளிவந்தன. 2023-இல் மின்சாரக் கார் ஒன்றில் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் வேலைக்கு இதே எஞ்சினை மாஸ்டா மறுபடியும் கொண்டுவந்தது.

உள்ளே இருப்பது என்ன? இடுப்பு சற்றே ஒடுங்கிய வேர்க்கடலை வடிவில் ஓர் அலுமினியக் கூடு. அதன் இரு பக்கமும் வார்ப்பிரும்புப் பலகைகள் மூடியிருக்கும். கூட்டுக்குள் பக்கங்கள் புடைத்த முக்கோணம் ஒன்று சுழலும். அதைத்தான் ரோட்டர் என்கிறோம். ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் நடுத்தண்டு மூன்று சுற்றுச் சுற்றும். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மெல்லிய உலோகப் பட்டை ஒவ்வொன்று உண்டு. முனைச் சீல் என்பது அதன் பெயர். அதன் அடியிலிருக்கும் வில் அதைக் கூட்டின் சுவரோடு அழுத்திக்கொண்டே இருக்கும். பக்கப் பலகைகளில் உராய்வதற்குப் பக்கச் சீல்களும், மூலைகளில் சிறு உருளைச் சீல்களும் உண்டு. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் ரிங் செய்யும் வேலையை இங்கே இவை எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன.

சாதாரண எஞ்சினில் சிலிண்டர் தேய்ந்தால் போரிங் போட்டு, பெரிய அளவுப் பிஸ்டன் மாட்டிவிடலாம். நம் பட்டறைகளில் தினமும் நடக்கும் வேலை அது. முக்கோண எஞ்சினில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. கூட்டின் வளைவு வட்டமன்று, ஆகவே சாதாரண போரிங் மெஷின் அதற்கு உதவாது. பெரிய அளவு ரோட்டர் என்று ஒன்று கடையில் கிடைக்கவும் கிடைக்காது. கூட்டின் உட்சுவரிலுள்ள கெட்டிக் குரோமியம் வெறும் பூச்சுத்தான். அதைச் சுரண்டிவிட்டால் அடியில் இருப்பது சீலோடு உராய்வதற்கு ஏற்ற உலோகமன்று. இங்கே செய்யக்கூடிய பழுதுபார்ப்பு ஒரு குறுகிய எல்லைக்குள் அடங்கியது. அந்த எல்லை எது என்று தெரிந்தவன்தான் இந்த வேலையில் நல்ல மெக்கானிக்.

இந்தக் கூட்டுச் சுவர் மாஸ்டாவையே முதலில் திணறடித்தது. சோதனை எஞ்சின்களில் முனைச் சீல் அதிர்ந்து அதிர்ந்து, சுவர் முழுதும் அலை அலையாகக் கோடுகள் விழுந்தன. அங்கிருந்த பொறியியலாளர்கள் அதைப் ‘பிசாசின் நகக்கீறல்’ என்று அழைத்தார்கள். கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு இதோடு போராடியது. கரியையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த சீல் வந்த பிறகுதான் காஸ்மோ கார் விற்பனைக்கு வந்தது. இன்று ஒரு பழைய எஞ்சினைத் திறக்கும்போதும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

சுவரில் நிறம் மாறியிருப்பதும், வழவழப்பான மெல்லிய கோடுகள் இருப்பதும் குறையல்ல. ஓரத்தில் குரோமியம் சிறிது உதிர்ந்திருந்தால், உதிர்ந்த இடத்தின் கூர்மையை மெல்லிய எண்ணெய்க் கல்லால் மழுக்கிவிட்டு மறுபடி பயன்படுத்துபவர்கள் உண்டு. அதில் குற்றமில்லை. ஆனால் சுவரின் நடுவில் பூச்சு உரிந்திருந்தாலோ, குறுக்கே போன பள்ளத்தில் நகம் சிக்கிக்கொண்டாலோ, அந்தக் கூட்டை ஒதுக்கிவிட வேண்டியதுதான். நகம் சிக்கும் இடத்தில் சீலும் சிக்கும். சீல் உடைந்தால் அந்தத் துண்டு ரோட்டரையும் கூட்டையும் ஒருசேரக் கிழித்துவிட்டுப் புகைக்குழாய் வழியாக வெளியேறும். டர்போ உள்ள வண்டியானால் போகிற வழியில் அதையும் கெடுத்துவிட்டுப் போகும். ஒரு கூட்டின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சின் முழுவதையும் இழப்பது இப்படித்தான்.

அடுத்தது பக்கப் பலகை. பக்கச் சீல் ஓடிய தடத்தில் படி விழுந்திருக்கும். டயல் கேஜை வைத்து அளக்க வேண்டும். மாஸ்டாவின் கணக்கில் இந்தத் தேய்மானம் 0.10 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். நாம் எழுதும் சாதாரணத் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான். பலகை கோணலாகியிருந்தால் 0.04 மில்லிமீட்டருக்கு மேல் ஆகாது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அளவா? தெரியாது. ‘தடவிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது’ என்று பட்டறையில் சொன்னால், ‘எவ்வளவு என்று அளந்தீர்களா அண்ணே?’ என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

தேய்மானம் எல்லையைத் தாண்டிய பலகையை மெஷினில் கொடுத்துச் சமமாகத் தேய்த்து வாங்கலாம். லேப்பிங் என்பார்கள். முக்கோண எஞ்சினில் உண்மையாகச் செய்யக்கூடிய மராமத்து என்றால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு எச்சரிக்கை. பல பலகைகளின் மேற்பரப்பை நைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியிருப்பார்கள். தேய்க்கும்போது அந்தக் கெட்டித் தோல் போய்விடும். மறுபடி கெட்டியாக்காமல் மாட்டினால் பலகை முன்னைவிட வேகமாகத் தேயும். 1986-க்குப் பின் வந்த ஆர்.எக்ஸ்-7 எஞ்சின்களில் தண்ணீர்ச் சீல் உட்காரும் பள்ளமும் இந்தப் பலகையிலேயே இருப்பதால், தேய்க்கத் தேய்க்கப் பள்ளத்தின் ஆழமும் குறையும்.

அந்தப் பள்ளத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வெறும் குழாய்த் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் துரு அங்கே புகுந்து அரித்திருக்கும். தண்ணீர்ப் பக்கத்தில் சிறு குழிகள் இருந்தால் சுத்தம் செய்து, உலோகப் பசையால் நிரப்பிச் சமப்படுத்தலாம். பள்ளத்துக்கும் நெருப்பு எரியும் அறைக்கும் நடுவிலுள்ள மெல்லிய சுவரில் வெடிப்பு இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. காலையில் எஞ்சினை முடுக்கியதும் வெள்ளைப் புகை குபுகுபுவென வந்து, தண்ணீரும் நாளுக்கு நாள் குறைந்தால் பெரும்பாலும் இங்கேதான் கோளாறு.

ரோட்டர் வார்ப்பிரும்பு, ஓரளவு பொறுத்துக்கொள்ளும். உடைந்த சீல் மோதிய இடத்தில் விளிம்பு மேலெழும்பியிருந்தால் மெல்லிய அரத்தால் அதை மட்டும் தட்டையாக்கலாம். கையைக் கட்டுப்படுத்தி அராவ வேண்டும். ரோட்டர்களுக்கு எடை வகுப்பு உண்டு, அதற்கான எழுத்து அதன் மேலேயே பதிந்திருக்கும். அதிகம் அராவினால் சமநிலை கெட்டு எஞ்சின் நடுங்கும். சீல் உட்காரும் பள்ளங்களில் கரி கெட்டித்துப் போயிருந்தால் மருந்தில் ஊறவைத்து, பழைய சீல் துண்டாலேயே மெல்லச் சுரண்டி எடுக்கலாம். உண்மையில் ‘எஞ்சின் போய்விட்டது’ என்று கைவிடப்பட்ட சில வண்டிகளில் போனது எஞ்சினே அன்று. கரி பிடித்துச் சீல் அசையாமல் நின்றதுதான் காரணம். பள்ளமே அகன்றிருந்தால் அது வேறு கதை. 2 மில்லிமீட்டர் சீல் இருந்த பள்ளத்தை மெஷினில் வெட்டி, பழைய 3 மில்லிமீட்டர் சீல் போடும் பட்டறைகளும் இருக்கின்றன.

நடுத்தண்டில் லேசான கீறலானால் மிக மெல்லிய உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துச் சுற்றிப் பளபளப்பாக்கலாம். ரப்பர் சீல்களையும் வில்களையும் பற்றி விவாதமே வேண்டாம், எல்லாமே புதிதாகத்தான் போட வேண்டும். சூட்டில் தளர்ந்த வில் நல்ல சீலையும் வீணாக்கும்.

பிரிக்கும்போதே ஒவ்வொரு சீலும் எந்த முனையிலிருந்து வந்தது என்று எழுதித் தனித்தனியே வைத்துவிட வேண்டும். மறுபடி போடுவதானால் அது தன் பழைய இடத்துக்கே போக வேண்டும். காயம் ஏன் வந்தது என்பதையும் அப்போதே தேட வேண்டும். இந்த எஞ்சின் சீல்களுக்காகக் கொஞ்சம் எண்ணெயைத் தானே எரிக்கும். எண்ணெய் குறைவது கோளாறு என்று நினைத்து, ஊற்றாமல் விட்டுக் கெடுத்தவர்கள் உண்டு. எஞ்சின் சூடேறினால் அலுமினியக் கூடு ஒரு அளவும் இரும்புப் பலகை வேறு அளவும் விரியும், நடுவிலுள்ள தண்ணீர்ச் சீல் நசுங்கும். ரேடியேட்டர் அடைப்பைச் சரிசெய்யாமல் எஞ்சினை மட்டும் கட்டிக் கொடுத்தால் அதே வண்டி அதே காயத்தோடு திரும்பி வரும்.

சீல்களை வாசலின் தடவி நிறுத்திப் பலகைகளை அடுக்கி, நீண்ட போல்ட்டுகளை ஒரேயடியாக இறுக்காமல் சுற்றிச் சுற்றிப் படிப்படியாக இறுக்குவார்கள். அதன் பின் நடுத்தண்டை முன்னும் பின்னும் அசைத்து அளந்தால் 0.04 முதல் 0.07 மில்லிமீட்டருக்குள் ஆட்டம் இருக்க வேண்டும்.

எஞ்சினை வண்டியில் ஏற்றியதும், பணம் கொடுக்குமுன், அழுத்தத்தைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். சாதாரணச் சோதனைக் கருவி, மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும். அதன் வால்வைத் திறந்து வைத்தால் முள் துள்ளும். மூன்று துள்ளலும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். முக்கோண எஞ்சினுக்கென்றே உள்ள கருவியானால் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோவுக்குக் குறையக் கூடாது. இரண்டு துள்ளல் உயர்ந்து ஒன்று மட்டும் தாழ்ந்தால் ஒரு முகத்தின் பக்கச் சீலைச் சந்தேகிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு தாழ்ந்தால், அவற்றுக்கு நடுவிலுள்ள முனைச் சீல்தான்.