உங்களுக்குத் தெரியுமா? இரண்டு ஒலிபெருக்கிகள் இருமடங்கு ஓசை தருவதில்லை

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தின் சித்திரைத் திருவிழாவில் ஒலிக்கும் ஓர் ஒலிபெருக்கிக்கு அருகே அதே திறனுள்ள இன்னொன்றை வைத்தால் ஓசை இருமடங்காகும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் ஒலியளவைக் குறிக்கும் டெசிபல் மடக்கை அளவுகோலாதலால், அதாவது ஒலியாற்றல் பத்து மடங்காகும்போது 10 அலகே கூடுவதால், அங்கு உயர்வது ஏறத்தாழ 3 டெசிபல் மட்டுமே. செவிக்கு ஓசை இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து ஒலிபெருக்கிகள் தேவை.

திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்தோறும் ஒலியளவு 6 டெசிபல் குறையும். கல்வராயன் மலையிலோ பாறைச் சரிவுகள் எதிரொலிப்பதாலும், இரவில் நிலத்தை ஒட்டிக் குளிரும் காற்று ஒலியலைகளைக் கீழ்நோக்கி வளைப்பதாலும், அருவியின் இரைச்சல் இக்கணக்கை மீறியும் கேட்கக்கூடும். இப்படி ஓசை தொலைவிலும் எட்டக்கூடிய குடியிருப்புகளுக்கு இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன.

செவி பெரிதாக உணராத அந்த 3 டெசிபல் உயர்வே செவிநலத்துக்கு மிக முக்கியமானது: 85 டெசிபலில் 8 மணி நேரமாகப் பரிந்துரைக்கப்படும் பாதுகாப்பு வரம்பு, 88 டெசிபலில் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது.