கையெழுத்து மட்டும் போதுமா?

பிரேசர் டவுனில் எங்கள் எதிர்வீட்டுப் பையன் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறான். சென்ற மாதம் ஒரு பெட்டியுடன் வந்து, "மாமா, புராஜெக்ட் முடிஞ்சிருச்சு" என்றான். ஓட்டிப் பார்த்தேன். "இந்த மோட்டார் ஏன் இப்படிச் சூடாகுது?" என்று கேட்டதற்கு விழித்தான். பணம் கொடுத்துக் கடையில் வாங்கியதாம்! அவனுடைய கல்லூரி ஒரு கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்திருக்கிறது. கையெழுத்திட்ட படம் வரவேற்பறையில் தொங்குகிறது. ஆனால் அந்தக் கம்பெனியின் வாசலை அவன் ஒருநாளும் மிதித்ததில்லை.

கல்லூரியும் தொழிலும் கைகோப்பது என்றால் என்ன? அதற்கு வழிகாட்டிய ஊர் நம் பெங்களூர்தான்.

ஆட்டோக்காரர்கள் இன்றும் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று அழைக்கும் இந்திய அறிவியல் கழகம் 1909-இல் தோன்றியது. டாட்டா குடும்பம் பொருள் கொடுத்தது. மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. அதுவரை ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த மைசூர்ச் சந்தனக் கட்டை தேங்கிவிட்டது. அரசின் வருமானத்துக்கே ஆபத்து. கட்டையாக விற்காமல் எண்ணெயாக்கி விற்கலாமே என்ற யோசனை பிறந்தது. ஆனால் சந்தன எண்ணெய் எளிதில் ஆவியாகாது. மரத்தூளில் நீராவியை நெடுநேரம் செலுத்தினால்தான் சிறிது சிறிதாக வெளிவரும். கழகத்தின் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் ஆய்வகத்தில் வடித்துக் காட்டினார்கள். 1916-இல் பெங்களூரில் ஆலை வந்தது. மறு ஆண்டு மைசூரிலும் வந்தது. மைசூர் சாண்டல் சோப்பின் மணம் அங்கிருந்து வந்ததே.

அப்போது மைசூரின் தொழில்துறைத் தலைவராக இருந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். முன்பு சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். 1898-இல் சென்னை கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவரும் இவரே. வகுப்பறை, பட்டறை இரண்டையும் அறிந்தவர் நடுவில் இருந்ததால் காரியம் கைகூடியது.

விமானத் துறையிலும் இதே கதைதான். 1940-இல் இந்துஸ்தான் ஏர்கிராப்ட் இங்கே தொடங்கியது. 1942-இல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை பிறந்தது. இரண்டிடத்திலும் பணிபுரிந்த வி.எம்.காட்கே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951-இல் பறந்தது.

இந்நாளில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்காவைச் சொல்லலாம். அங்கே இடம் எடுக்கும் கம்பெனி வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. மாணவர்களுக்குப் பயிற்சி, பேராசிரியர்களுடன் கூட்டு ஆய்வு என்று புள்ளிகளும் சேர்க்க வேண்டும்.

ஆக, தொழில் தன் உண்மையான சிக்கலைக் கொண்டுவர வேண்டும். ஆய்வகம் அதைச் சிறிய அளவில் தீர்த்துக் காட்ட வேண்டும். ஆட்கள் இரு பக்கமும் போய்வர வேண்டும். இம்மூன்றும் இல்லையென்றால் ஒப்பந்தம் வெறும் காகிதமே.

பையனை நண்பரின் பம்ப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். மூன்று சனிக்கிழமை போனான். நான்காவது வாரம் அவனே வந்து, "மாமா, அந்த மோட்டாருக்குப் பாரம் அதிகம், அதான் சூடாச்சு" என்றான். பெட்டியைப் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறான்.

பீன்யாவிலும் மற்ற இடங்களிலும் பட்டறை வைத்திருக்கும் சங்க அன்பர்களே! வாரம் ஒருநாள், ஒரு மாணவனுக்கு உங்கள் கதவைத் திறந்துவிடுங்கள். உங்களைத் தொல்லைப்படுத்தும் சிக்கல் ஒன்றை அவன் கையில் கொடுங்கள்.