பேட்டி: நேரிலா, தொலைவிலிருந்தா?

வானொலி தோன்றிய நாள்தொட்டு நிகழ்ச்சி அமைப்போர் முன் ஒரு கேள்வி இருந்துவருகிறது. பேட்டி காண வேண்டியவரை நிலையத்துக்கு வரவழைப்பதா, கருவியைத் தூக்கிக்கொண்டு அவர் இருக்குமிடம் செல்வதா என்பதே அது. செல்பேசியும் இணையமும் வந்த பின்னர் மூன்றாவது வழியொன்றும் எளிதாகிவிட்டது. இருவரும் அவரவர் இல்லத்தில் இருந்தபடியே உரையாடி, அதனைப் பதிவு செய்து, பாட்காஸ்ட் எனப்படும் வலையொலியாக வெளியிடலாம்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இது தொழில் நுணுக்கம் பற்றிய கேள்வி மட்டுமன்று. நாம் பதிந்துவைக்க விரும்பும் குரல்களுள் பல ஊரில் இருக்கின்றன. நாமோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறோம். ஆகவே இரு முறைகளின் குணங்களையும் குறைகளையும் ஆராய்ந்து பார்ப்பது பயனுடையதாகும்.

இவ்விரு முறைகளுக்கும் அமெரிக்காவில் சிறந்த முன்மாதிரிகள் உண்டு. பிலடெல்பியா நகரின் வானொலி நிலையம் ஒன்றிலிருந்து வரும் ‘ஃபிரெஷ் ஏர்’ என்னும் நிகழ்ச்சியை 1975-இல் ஏற்ற டெரி கிராஸ் அம்மையார், தம் விருந்தினருள் பெரும்பாலோரை நேரில் கண்டதில்லை. விருந்தினர் வேறொரு நகரத்தின் நிலையத்தில் அமர்வார். இருவரையும் ஒலித்தொடர்பு இணைக்கும். முகம் தெரியாமையால், கேட்பவர் குறிப்புத்தாளைக் கூச்சமின்றிப் புரட்டலாம். கடினமான கேள்வியையும் தயங்காமல் கேட்கலாம். கவனம் முழுவதும் சொல்லிலேயே நிற்கும். இதற்கு மாறாக, மார்க் மாரன் என்பவர் 2009 முதல் 2025 வரை நடத்திய வலையொலியில் நெடுங்காலம் விருந்தினரை லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள தம் வீட்டு மோட்டார் கொட்டகைக்கே அழைத்து உரையாடினார். 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஒபாமாவும் அக்கொட்டகைக்கு வந்து அமர்ந்தார். 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது மாரனும் தொலைவிலிருந்து பேச வேண்டியதாயிற்று. ஆக, இரு வழிகளிலும் நல்ல பேட்டி அமையும் என்பது தெளிவு.

எனினும் தொலைவுக்கு ஒரு விலை உண்டு. 2009-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, பத்து மொழிகளில் மக்கள் உரையாடும் முறையை அளந்து பார்த்தது. ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் விடையைத் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கே, அதாவது 200 மில்லி விநாடி அளவே கழிகிறது என்று அது கண்டது. தொலைத்தொடர்பில் குரல் ஒருபுறமிருந்து மறுபுறம் சேர 150 மில்லி விநாடிக்கு மேற்படாதிருத்தல் நலம் என்பது சர்வதேச நெறி. அந்த எல்லைக்குள் இருந்தாலும், போகவும் வரவும் சேர்ந்து 300 மில்லி விநாடி ஆகிவிடுகிறது. இயல்பான இடைவெளியைவிட இது அதிகம். அதனால்தான் இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, “நீங்கள் சொல்லுங்கள்” என்று உபசரித்துக்கொள்ள நேர்கிறது. கம்பியின் தாமதத்தை மனிதரின் தயக்கம் என்று நாம் தவறாக எண்ணிக்கொள்வதும் உண்டு.

ஒலியின் தரம் அடுத்த குறை. பழைய தொலைபேசி முறை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கொண்டுசெல்லும். காற்று உரசும் ‘ஸ’ போன்ற ஒலிகளின் வலிமையில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் அவை மழுங்கிவிடும். இணைய அழைப்பு இதனினும் மேலானது. ஆனால் இணைப்புத் தளரும்போது சொற்கள் அறுந்துபோகும்.

இந்தக் குறைக்கு நல்ல பரிகாரம் இருக்கிறது. பேசுவதற்கு மட்டும் அழைப்பைப் பயன்படுத்தி, பதிவை இருபுறமும் தனித்தனியே செய்ய வேண்டும். பாட்டியாரிடம் பேசுவதானால், அருகிலுள்ள பேரன் இரண்டாவது செல்பேசியை அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவு செய்யலாம். தொடக்கத்தில் பேரன் ஒருமுறை கைதட்டினால், அது நம் காதொலிக் கருவியில் கேட்டவுடன் நாமும் தட்ட வேண்டும். இரு பதிவுகளையும் பின்னர் பொருத்த இவ்வொலிகள் அடையாளமாகும். சுருக்காத தரமான பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 350 மெகாபைட் இடம் கொள்ளும். மின்விசிறியை நிறுத்துவதும், சமையலறைக் குக்கர் அடங்கும்வரை காத்திருப்பதும் எம்முறைக்கும் பொதுவான விதிகள்.

ஆனால் எந்தக் கருவியாலும் ஈடுசெய்ய இயலாத ஒன்று உண்டு. மும்பையின் மாதுங்காவில் நெடுங்காலம் வாழ்ந்த மூதாட்டி ஒருவரை நான் முதலில் தொலைபேசி வழியே பேட்டி கண்டேன். மணமாகி வந்த புதிதில் வாழ்க்கை எப்படி இருந்தது என்று வினவினேன். “கஷ்டந்தான் தம்பி, எல்லாம் பழகிப் போயிற்று” என்றார். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. சில மாதங்கள் கழித்து அவர் இல்லத்துக்கே செல்லும் வாய்ப்பு நேர்ந்தது. அதே கேள்விக்கு அவர் வாய் திறக்கவில்லை. எழுந்து உள்ளே சென்றார். திரும்பி வந்து, கும்பகோணத்திலிருந்து ரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டுவந்த அரிவாள்மனையைத் தரையில் வைத்தார். அந்த ஓசை பதிவில் இருக்கிறது. அதன்பின் அரைமணி நேரம், நான் குறுக்கே ஒரு சொல்லும் பேசவில்லை. தொலைபேசியில் அத்தகைய மௌனம் நேர்ந்திருந்தால், தொடர்பு அறுந்ததென்று கருதி “கேட்கிறதா?” என்று கூவியிருப்பேன்.

இதிலிருந்து ஒரு நெறியை வகுத்துக்கொள்ளலாம். ஒருவருடைய அறிவையோ கருத்தையோ கேட்க விரும்பினால் தொலைவு பெரிய தடையன்று. மருத்துவர், பேராசிரியர், தொழில் வல்லுநர் போன்றோர்க்கு அதுவே சௌகரியமுமாகும். ஒருவருடைய வாழ்வைக் கேட்க விரும்பினால் நேரில் செல்வதே சிறப்பு. நினைவு என்பது பெட்டியிலும் புகைப்படத்திலும் சுவரிலும் தங்கியிருப்பது. அவ்விடத்திலேயே அது எளிதில் வெளிப்படும்.

ஆயினும் இந்நெறியைக் காரணமாகக் காட்டிக் காலம் தாழ்த்தலாகாது. எங்கள் ஊரில் கோயில் தேரின் தச்சு வேலை முழுவதையும் அறிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அடுத்த விடுமுறையில் நேரில் சென்று முறையாகப் பதிவு செய்வோம் என்று இரண்டு ஆண்டுகள் ஒத்திப்போட்டேன். தொலைபேசியில் வாரந்தோறும் நலம் விசாரித்தேன். ஒரு நாளும் பதிவுப் பொத்தானை அழுத்தவில்லை. மூன்றாம் ஆண்டு நான் சென்றபோது அவர் இல்லை. கரகரப்பான தொலைபேசிக் குரலாயினும் போதும் என்று இன்று ஏங்குகிறேன்.

ஆதலால் நேரில் செல்லும் நாளைக் குறித்து வையுங்கள். அந்த நாள் வரும்வரை, பேசுபவரின் சம்மதத்தைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு, இந்த வார அழைப்பையே பதிவு செய்யுங்கள். அவர் தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னவை எவையோ, அவையே நேரில் விரிவாகக் கேட்க வேண்டியவற்றின் பட்டியலாக உங்களுக்கு உதவும்.