மலைக்கு யார் கையெழுத்துப் போடுவது?

தென்பெண்ணைக் கரையில் மூங்கில்துறைப்பட்டு இருக்கும் சமவெளியும் தென்மேற்கே எழும் கல்வராயன் மலையும் இன்று ஒரே கள்ளக்குறிச்சி மாவட்டம். நில வரலாற்றில் இரண்டும் வெவ்வேறு உலகங்கள். ஆங்கிலேயர் காலத்திலேயே இப்பகுதி அடங்கிய தென்னார்க்காட்டுச் சமவெளியின் பெரும்பகுதியில் ரயத்துவாரி முறை வந்துவிட்டது. நிலம் வைத்திருந்தவர் பெயரில் பட்டா இருந்தது. மலையிலோ சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் ஆட்சி. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அடுத்தடுத்து வந்த அரசுகள் இந்த மூன்று வீடுகளோடு பேசினால் போதும் என்று இருந்தன. காடு திருத்தித் தினையும் சாமையும் விதைத்த மலையாளிப் பழங்குடியினரை யாரும் கேட்கவில்லை. தலைவரோடு முடித்த பேச்சை மக்களோடு முடித்ததாக அரசு எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் மலைமக்களின் நிலம் பறிபோகத் தொடங்குகிறது.

அமெரிக்கப் பழங்குடியினரான கிரீக் மக்களுக்கு நேர்ந்தது இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1790இல் நியூயார்க்கில், ஜார்ஜ் வாஷிங்டன் அரசோடு அலெக்சாண்டர் மெக்கில்லிவ்ரே தலைமையில் வந்த கிரீக் தலைவர்கள் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஒரு பகுதி நிலத்தை விட்டுக்கொடுத்தால் எஞ்சியது என்றும் கிரீக்குகளுக்கே என அரசு உறுதி தந்தது. வெளியே தெரியாத தனிப் பிரிவுகளில் மெக்கில்லிவ்ரேவுக்கு ஆண்டுக்கு 1,200 டாலரும் ராணுவப் பதவியும் கிடைத்தன. 1814இல் கிரீக் போரின் முடிவில் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் இரண்டு கோடி ஏக்கருக்கு மேல் எழுதி வாங்கினார். அந்தப் போரில் அவர் பக்கம் நின்ற கிரீக்குகளின் நிலமும் அதில் போனது. 1825இல் கிரீக் தலைவர் வில்லியம் மெக்கின்டாஷும் சிலரும் ஜார்ஜியா மாநிலத்தில் மிஞ்சியிருந்த நிலத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். சபையின் சம்மதமின்றி நிலத்தை விற்றால் மரணம் என்பது கிரீக்குகளின் சட்டம். அதன்படி மெக்கின்டாஷ் கொல்லப்பட்டார். அமெரிக்க அரசு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்து 1826இல் புதிதாக ஒன்று எழுதியது. ஆனால் ஜார்ஜியா நிலம் திரும்பவில்லை. 1836இல் மக்களையே மேற்கே துரத்தினார்கள்.

கிரீக்குகள் தனி நாடாக ஒப்பந்தம் செய்தவர்கள், ஜாகிர் என்பது அரசன் தந்த மானியம், இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். சட்டத்தின் கண்ணில் அந்த வேறுபாடு உண்மைதான். ஆனால் உழுதவன் கையில் காகிதம் இல்லை என்ற விளைவு இரண்டு இடத்திலும் ஒன்றே. தலைவர்கள் இல்லாதிருந்தால் வெளியார் முன்பே மலையேறி நிலத்தைப் பிடித்திருப்பார்கள் என்ற வாதமும் உண்டு. இதில் நியாயம் இருக்கிறது. ஜார்ஜியாவின் நிலப்பசியை மெக்கில்லிவ்ரே பல ஆண்டுகள் தடுத்து நிறுத்தியவர்தான். ஆனாலும் ஒரு குடும்பத்தின் விருப்பத்தில் நிற்கும் பாதுகாப்பை உரிமை என்று சொல்ல முடியாது. கல்வராயனில் அந்தப் பாதுகாப்புக்கு மக்கள் கூலியில்லா உழைப்பையும் விலையாகக் கொடுத்தார்கள்.

ஜாகிர் போன்ற மானியங்களை ஒழிக்க வந்த 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டத்தை ஜாகிர்தார்கள் வழக்காடி எதிர்த்தார்கள். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் மலை அரசின் கைக்கு வந்தது. அதோடு ஜாகிர் போனது, காட்டு எல்லைச் சிக்கல் போகவில்லை. காட்டு எல்லைக்குள் தலைமுறைகளாக உழுதவர்கள் ஆக்கிரமிப்பாளர் என்ற பெயரைச் சுமக்க நேர்ந்தது. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிக் காப்புத் தரும் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் தமிழ்நாட்டின் எந்த மலையும் இல்லை. மக்களிடமே கேட்கும் வழியைத் திறந்தது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் உழுதுவரும் பழங்குடிக் குடும்பம் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். அந்தக் கோரிக்கையை முதலில் விசாரிப்பது கிராம சபை. கல்வராயனில் இனி எந்த நில எல்லையையும் அந்தச் சபையைக் கூட்டிப் பேசி, அதன் சம்மதத்தோடு மட்டுமே அரசு வரைய வேண்டும்.