உண்ணி கடித்தால் மூளை பாதிக்கப்படுமா?

உண்ணி என்றவுடன் நாயின் காது மடலும் மாட்டின் கழுத்தும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பிடுங்கி எறிந்தால் தொல்லை தீர்ந்தது என்று விட்டுவிடுவார்கள். ஆனால், சில நாடுகளின் காட்டு உண்ணிகள் மனித மூளையைத் தாக்கும் கிருமிகளைச் சுமந்து திரிகின்றன. அந்தக் கிருமி நரம்புக்குள் நுழைந்த பிறகு அதை அழிக்க மருந்து இல்லை. ஆகவே, அது உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

காட்டுக்குச் சென்ற மருத்துவர்கள்

சோவியத் யூனியனின் தூரக் கிழக்குக் காடுகளில், ஒவ்வொரு வசந்த காலத்திலும் மரம் வெட்டுவோரும் இராணுவ வீரர்களும் கடுமையான மூளைக் காய்ச்சலுக்கு ஆளானார்கள். காரணத்தைக் கண்டறிய 1937-ஆம் ஆண்டு லெவ் சில்பர் என்ற அறிவியலாளரின் தலைமையில் ஒரு குழு அங்குச் சென்றது. நோயைப் பரப்புவது உண்ணி என்பதையும், நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதையும் அக்குழு கண்டுபிடித்தது.

அதற்காக அவர்கள் கொடுத்த விலை பெரிது. குழுவில் இருந்த இளம் ஆய்வாளர் மிஹாயில் சுமக்கோவைக் கிருமி தொற்றியது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் கேட்கும் திறனை இழந்தார். வலது கை முடங்கிப் போனது. பிற்காலத்தில் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைப் பெருமளவில் தயாரித்து உலகப் புகழ் பெற்றவர் அவர்தான். அறிவு மங்காத ஒருவருக்குக் கை மட்டும் முடங்கியது ஏன்? விடை நரம்பு உயிரணுக்களில் இருக்கிறது.

மூளைக்குச் செல்லும் வழி

இந்த வைரஸ், டிங்கி காய்ச்சலை உண்டாக்கும் வைரஸின் உறவுக்காரக் கிருமி. டிங்கியைக் கொசு பரப்புகிறது. இதை உண்ணி பரப்புகிறது. உண்ணி கடிக்கும்போது பெரும்பாலும் வலி தெரியாது. அதன் உமிழ்நீர் வழியாகச் சில நிமிடங்களிலேயே கிருமி தோலுக்குள் இறங்கிவிடும்.

முதலில் அது தோலிலும் நெறிக்கட்டிகளிலும் பெருகி, பிறகு இரத்தத்தில் கலக்கிறது. ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் காய்ச்சல், உடல்வலி, சோர்வு தோன்றும். சில நாளில் காய்ச்சல் தணியும். நோயாளி குணமாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, சிலருக்குக் காய்ச்சல் மீண்டும் வருகிறது. இம்முறை தாங்க முடியாத தலைவலி, கழுத்து இறுக்கம், குழப்பம், நடையில் தள்ளாட்டம் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். கிருமி மூளையை எட்டிவிட்டது என்பதற்கு இவையே அடையாளம்.

நரம்பு உயிரணுவுக்குள் நடப்பது என்ன?

நரம்பு உயிரணு மரம் போலக் கிளை பரப்பியிருக்கும். அந்தக் கிளைகளின் வழியாகத்தான் பக்கத்து உயிரணுக்களிடமிருந்து செய்திகளைப் பெறுகிறது. கிளைகளுக்கு வேண்டிய புரதங்களை அந்தந்த இடத்திலேயே தயாரித்துக்கொள்ள, ஆர்.என்.ஏ. என்னும் கட்டளைச் சீட்டுகளை உயிரணுவின் நடுப்பகுதி சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. கற்பதற்கும் நினைவில் வைப்பதற்கும் இந்தப் போக்குவரத்து தேவை.

உண்ணி வைரஸின் மரபுப் பொருளும் ஆர்.என்.ஏ.தான். அது இந்தப் பொட்டலங்களில் தொற்றிக்கொண்டு கிளைகளுக்குப் பயணம் செய்து, அங்கேயே பெருகுகிறது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ஆம் ஆண்டு இதை விளக்கினார்கள். வைரஸ் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், உயிரணுவின் சொந்தக் கட்டளைகள் கிளைகளுக்குச் செல்வது தடைபடுகிறது. இப்பயணத்துக்கு உதவும் பகுதி மாற்றப்பட்ட வைரஸை எலிகளுக்குச் செலுத்தியபோது, நரம்புப் பாதிப்பு குறைவாகவே இருந்தது.

இதற்கிடையில் உடலின் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் மூளைக்குள் விரைகின்றன. கிருமியை ஒழிக்க அவை தேவை. ஆயினும் அவை நடத்தும் போரில் நரம்புகளும் சேர்ந்து சேதமடைகின்றன. முதுகுத் தண்டில் கழுத்தையும் தோளையும் கையையும் இயக்கும் நரம்பு உயிரணுக்கள் அழிந்தால், அந்தத் தசைகள் வலுவிழந்து தொங்கிவிடும். சுமக்கோவின் கைக்கு நேர்ந்ததும் இத்தகைய பாதிப்பே. தோலில் காயம்பட்டால் புதிய உயிரணுக்கள் வளர்ந்து மூடிவிடும். இறந்த நரம்பு உயிரணுவுக்கு மாற்று உயிரணு பெரும்பாலும் பிறப்பதில்லை. அதனால்தான் இந்தக் குறை ஆயுள் முழுவதும் நீடிக்கிறது.

சிலாங்கூர் காட்டின் வைரஸ்

இந்தக் கிருமிக் குடும்பத்துக்கும் மலேசியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1956-ஆம் ஆண்டு, அப்போதைய மலாயாவின் உலு லங்காட் காட்டில், எலிகளின் மேலிருந்த உண்ணிகளில் ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு லங்காட் வைரஸ் என்றே பெயர். காட்டில் இயற்கையாக அது மனிதருக்கு நோய் உண்டாக்கியதாகப் பதிவு இல்லை.

இத்தனை சாதுவான கிருமியைத் தடுப்பூசியாகப் பயன்படுத்தலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள். சோவியத் யூனியனில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது உயிருள்ள தடுப்பூசியாகப் போடப்பட்டது. நல்ல எதிர்ப்பு சக்தி கிடைத்தது. ஆனால் சுமார் 18,500 பேரில் ஒருவருக்கு மூளைக் காய்ச்சல் வந்ததால், திட்டம் கைவிடப்பட்டது. சாதுவான கிருமிக்கும் நரம்புக்குச் செல்லும் வழி தெரிந்திருக்கிறது என்பதே அதில் கிடைத்த பாடம். இன்றைய தடுப்பூசிகள் செயலிழக்கச் செய்த வைரஸால் ஆனவை. அந்த ஆபத்து அவற்றில் இல்லை.

பயணம் செல்வோர் கவனத்திற்கு

உண்ணி கடித்த எல்லாருக்கும் இந்நோய் வருவதில்லை. எல்லா உண்ணிகளிலும் கிருமி இருக்காது. தொற்றியவர்களிலும் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. வயதானவர்களுக்கே பாதிப்பு கடுமையாகிறது.

ஆஸ்திரியா, செக் குடியரசு, சுவிட்சர்லாந்து, ரஷ்யா, ஜப்பானின் ஹொக்கைடோ ஆகிய இடங்களில் காட்டுப் பாதைகளில் நடக்கத் திட்டமிடுவோர், தடுப்பூசி குறித்து முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்பது நல்லது. மூன்று ஊசிகள் போட வேண்டியிருப்பதால், கடைசி நேரத்தில் போய்ப் பயனில்லை. அந்த வட்டாரங்களில் காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடிப்பதாலும் இக்கிருமி தொற்றலாம்.

தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் செல்வோர் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டு கர்நாடகாவில் கண்டறியப்பட்ட ‘குரங்குக் காய்ச்சல்’ இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னர் அதன் கிருமி வயநாட்டிலும் நீலகிரிக் காட்டிலும் காணப்பட்டது. காட்டில் இறந்து கிடக்கும் குரங்கின் அருகில் போகக் கூடாது.

காட்டுக்குள் செல்லும்போது நீளக் கால்சட்டை அணிந்து, அதன் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். திரும்பியதும் அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்புறம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் எண்ணெய் ஊற்றுவதோ நெருப்பால் சுடுவதோ கூடாது. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். பிறகு காய்ச்சல் கண்டால், எங்கே சென்றிருந்தோம், எப்போது உண்ணி கடித்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால், மருத்துவருக்கு அது இன்னொரு சாதாரணக் காய்ச்சலாகவே தோன்றக்கூடும்.