ஒரு துப்பாக்கி... பதினாறு பார்சல்!

"அசையாதே! நின்ன இடத்துலயே நில்லு! காலைத் தூக்காதே!"

துப்பாக்கிக்காரன் இப்படிக் கத்தினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன்.

கத்தியது என் அத்தை பையன். இடம், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலம், டல்லாஸுக்குப் பக்கத்தில் பிளேனோ என்ற ஊரில் அவன் வீட்டு கராஜ். துப்பாக்கி இன்னும் துப்பாக்கியாகவில்லை. மேஜை மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. கத்தலுக்குக் காரணம் ஒரு ஸ்பிரிங். பால்பாயின்ட் பேனாவுக்குள் இருக்குமே, அதைவிடப் பொடிசு. அதுவும், அதன் முனையில் உட்கார வேண்டிய அரிசிமணி சைஸ் இரும்பு ஊசியும் 'டொய்ங்' என்று துள்ளி எங்கேயோ போய்விட்டன.

டார்ச் அடித்து, முட்டி போட்டு, ஒன்றரை மணி நேரம் தேடினோம். ஊசி கிடைத்தது. ஸ்பிரிங் கிடைக்கவில்லை. கிடைத்தவை: இரண்டு கரப்பான், ஒரு பழைய சினிமா டிக்கெட், அவன் நாலு வயசுப் பெண் தொலைத்த பொம்மைச் செருப்பு.

"பாப்பா எடுத்து முழுங்கிடப் போறா. அது கிடைக்கிற வரைக்கும் யாரும் சாப்பிட வராதீங்க" என்று அவன் மனைவி உத்தரவு போட்டாள். தோசைக் கல் அணைந்தது.

ஒரு மாத லீவில் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவன் நான். எனக்கு ஏன் இந்த வம்பு? சொல்கிறேன்.

ரிச்சி தெரு புத்தி

காலேஜில் படிக்கிறபோது நானும் அவனும் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் என்று தனித்தனியாக வாங்கி கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்கள். "பிராண்டட் வாங்கறவன் ஏமாளி" என்பது அன்றைக்கு எங்கள் கட்சிக் கொள்கை. பையன் சாஃப்ட்வேருக்குப் போனான். நான் பி.காம். படித்துவிட்டு இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். கொள்கை மட்டும் அவனிடம் அப்படியே இருந்தது.

ஆபீஸ் சகாக்களோடு ரேஞ்சுக்குப் போய்க் குறிபார்த்துச் சுட்டுப் பழகியதில் சொந்தமாக ஒரு செமி ஆட்டோமேடிக் ரைஃபிள் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு தோட்டா போகும். அடுத்தது தானாக ஏறி உட்காரும். அதுதான் செமி ஆட்டோமேடிக். கிரீன் கார்டும் வந்துவிட்டது. ஹெச்-1பி விசாவில் இருக்கிறவர்கள் வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு இல்லாமல் அங்கே துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. (நம் ஊரில் இந்த ஆசையெல்லாம் வேண்டாம். 1959ம் வருஷ ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் செய்தாலும் வைத்திருந்தாலும் உள்ளே போக வேண்டியதுதான்.)

"மாப்ளே, கடையில முழுசா வாங்கினா 799 டாலர். வரியோட 865. நானே பார்ட்ஸ் வாங்கிப் பூட்டினா 650ல முடிச்சுடுவேன். நீ காமர்ஸ்காரன்தானே, கணக்கு எழுது" என்றான். எழுதினேன்.

துப்பாக்கிக்கு ஏது உதிரி பாகம்?

அங்கே உண்டு. இந்த ரைஃபிளின் பெயர் ஏஆர்-15. 'ஏஆர்' என்றால் 'அஸால்ட் ரைஃபிள்' என்று பலர் சொல்வார்கள். தப்பு. அது ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயர். 1950களில் அங்கே யூஜின் ஸ்டோனர் என்ற எஞ்சினியரின் தலைமையில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் கலந்து எடை குறைந்த ரைஃபிள்கள் உருவாயின. 1959ல் ஆர்மலைட் இதன் உரிமையைக் கோல்ட் கம்பெனிக்கு விற்றது. ராணுவத்துக்குப் போனது எம்-16 ஆயிற்று. செமி ஆட்டோமேடிக் வடிவம் 1964ல் பொதுமக்கள் கடைக்கு வந்தது. 1977ல் முக்கியமான பேட்டன்ட் காலாவதியானதும் கதவு திறந்தது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகி, ஒருத்தன் குழல், இன்னொருத்தன் விசை, மூன்றாமவன் கைப்பிடி என்று தனித்தனித் தொழிலே வளர்ந்துவிட்டது. நம் கம்ப்யூட்டர் கதையேதான்.

இதில் வேடிக்கை, சட்டம். விசையும் கைப்பிடியும் உட்காருகிற அலுமினியக் கூட்டுக்கு லோயர் ரிசீவர் என்று பெயர். சட்டத்தின் கண்ணுக்கு அதுதான் துப்பாக்கி! சீரியல் நம்பர் அதில்தான். அதற்கு மட்டும் லைசென்ஸ் உள்ள கடைக்குப் போய் 4473 என்ற ஃபாரத்தை நிரப்பி, போலீஸ் பதிவுகளைச் சரிபார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்த உடனடிச் சோதனை 1998ல் வந்தது. மற்ற எல்லாம், குழல் உட்பட, டெக்ஸாஸில் தபாலில் வீட்டு வாசலுக்கே வரும்.

இன்னொரு கூத்து. 1968ம் வருஷச் சட்டம் எழுதியிருக்கிற லட்சணப்படி, 18 வயதுப் பையனுக்குக் கடைக்காரர் முழு ரைஃபிளை விற்கலாம். வெறும் கூட்டை மட்டும் விற்க 21 ஆக வேண்டும்! முழு சாப்பாடு கிடைக்கும், தனி அப்பளம் கிடையாது.

சுதேசி இயக்கமும் உண்டு. செமி ஆட்டோமேடிக் ரைஃபிளைப் பூட்டுகிறவர், சட்டத்தில் பட்டியல் போட்ட 20 பாகங்களில் பத்துக்கு மேல் இறக்குமதிச் சரக்கு சேர்க்கக்கூடாது. குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் 1934ம் வருஷச் சட்டப்படி தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க் பக்கம் போனால் இன்னும் கெடுபிடி. கடையில் வாங்குகிறவனுக்கு இதையெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். நாமே பூட்டினால் நாமே வக்கீல்.

கணக்குப் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்

பார்சல்கள் வர ஆரம்பித்தன. மொத்தம் பதினாறு. என் நோட்டில் ஏறியது இது:

பாகங்கள், வரி உட்பட - 1,060 டாலர்
தபால் செலவு, கடைக்காரர் கமிஷன் - 75
டார்க் ரெஞ்ச், பிடிமானக் கட்டைகள், ஆணி தட்டும் பஞ்ச் வகையறா - 185
ஆக மொத்தம் - 1,320

650 எங்கே, 1,320 எங்கே? நம்மை யாரும் ஏமாற்றவில்லை. கடையில் இருந்த 799 டாலர் ரைஃபிளில் என்னென்ன இருந்ததோ அதையே பாகம் பாகமாக வாங்கியிருந்தால் கிட்டத்தட்ட அதே விலைதான் வந்திருக்கும். தொழிற்சாலை முழு ரைஃபிளாக விற்கும்போது கட்டுகிற 11 சதவீத எக்சைஸ் வரி, உதிரியாக வாங்கினால் மிச்சம். ஆனால் அந்தத் தொழிற்சாலை குழல்களை ஆயிரக்கணக்கில் வாங்கும், நாம் ஒன்று வாங்குவோம். அதற்கும் இதற்கும் சரி.

அப்புறம் எப்படி ஏறியது? ஆசையால். கல்யாணத்துக்கு மண்டபம் புக் செய்தவன் "இவ்வளவு பண்ணிட்டோம், ஐஸ்கிரீம் வெச்சா என்ன" என்பான் இல்லையா? ட்ரிகர் சாதா 40 டாலருக்குக் கிடைக்கும். "பூ மாதிரி அமுங்கும்" என்று இவன் 180 டாலர் ட்ரிகர் வாங்கினான். அசெம்பிள் செய்கிறவன் மலிவான சாமானை வாங்குவதே இல்லை. அப்படி வாங்க அவனுக்கு மனசு வராது.

நாலு வீக்கெண்டில் 22 மணி நேர உழைப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நாளைக்கு விற்கப் போனால் பிராண்ட் ரைஃபிளுக்கு ஒரு ரீசேல் விலை உண்டு. வீட்டில் பூட்டியதைப் பார்த்துக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். அதையும் எழுதவில்லை. அவன் முகம் ஏற்கெனவே சரியில்லை.

"அண்ணா, உங்க கணக்குல பூட்டி வைக்கிற பெட்டி எங்கே?" என்றாள் அவன் மனைவி, காபி டம்ளரை வைத்தபடி.

இல்லை. பதினாறு பார்சலில் அது இல்லை.

அவள் ஆரம்பத்திலிருந்தே இதற்குச் சம்மதிக்கவில்லை. 2022 மே மாதம் அதே டெக்ஸாஸில் யுவால்டி என்ற ஊரில் ஒரு 18 வயதுப் பையன் இதே ரகத் துப்பாக்கியோடு ஸ்கூலுக்குள் நுழைந்து 19 குழந்தைகளையும் இரண்டு டீச்சர்களையும் கொன்றான். "நம்ம பொண்ணும் அடுத்த வருஷம் ஸ்கூலுக்குப் போறா. இவரு அதே மாதிரி ஒண்ண மேஜையில வெச்சு ஸ்குரூ முடுக்கறாரு. நான் எதைச் சொல்றது?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. குழந்தை கைக்கு எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியை வைத்தால் டெக்ஸாஸிலும் குற்றம்தான். சட்டம் அவள் பக்கம் என்று மட்டும் சொன்னேன்.

அன்று சாயங்காலமே எஃகுப் பெட்டி ஒன்று வந்தது. அந்தச் செலவை இரண்டு பக்கமும் எழுதினேன். கடையில் வாங்கினாலும் பெட்டி வேண்டும்தானே?

டக்!

புது ஸ்பிரிங் வந்தது. விலை 2 டாலர், தபால் 9 டாலர். ரைஃபிள் முழுசாகிவிட்டது. நிஜமாகவே அழகாக இருந்தது. "நாளைக்குக் காலைல ரேஞ்ச்!" என்றான்.

பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்கப் பெரியவர். முப்பது வருஷம் லேத் பட்டறையில் வேலை செய்து ரிட்டயர் ஆனவர். பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினோம். வாங்கினதும் அவர் பாராட்டவில்லை. உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தார். ஹாமரை ஏற்றினார். ஸேஃப்டியைப் போட்டார். சுவரைப் பார்த்துப் பிடித்து விசையை அழுத்தினார்.

டக்.

ஸேஃப்டி போட்டிருக்கும்போது அந்தச் சத்தம் வரவே கூடாது.

மறுபடி செய்தார். டக். எங்கள் இருவருக்கும் ஏசியிலேயே வியர்த்தது. நாளைக் காலை ரேஞ்சில், பக்கத்தில் பத்துப் பேர் நிற்க, தோட்டா ஏற்றி, 'ஸேஃப்டி போட்டாச்சு' என்று நம்பித் திரும்பியிருப்போம்.

"எந்தப் பார்ட் மட்டம் சார்?" என்று கேட்டான் அத்தை பையன்.

"எதுவும் மட்டமில்லை. அதுதான் விஷயம்" என்றார் பெரியவர்.

அவர் விளக்கியதைத் தமிழில் சொல்கிறேன். எந்தப் பாகத்தையும் துல்லியமாக ஒரே அளவில் செய்ய முடியாது. தலைமுடி அளவு கூடலாம், குறையலாம் என்று ஒரு சலுகை உண்டு. கூடு செய்தவன் சலுகைக்குள்தான் செய்தான். விசை செய்தவனும் அப்படியே. ஸேஃப்டி லீவர் செய்தவனும் அப்படியே. மூன்று சலுகையும் ஒரே பக்கம் சாய்ந்ததில், விசையின் வாலை லீவர் முழுசாகத் தடுக்கவில்லை. ஆபீஸில் ஒரு ஃபைல் பத்து மேஜை தாண்டுகிறது. ஒவ்வொருத்தரும் 'நான் அரை நாள்தானே வெச்சிருந்தேன்' என்கிறார். ஃபைல் ஒரு வாரம் லேட். யாரைத் திட்டுவீர்கள்?

தோட்டாவிலும் இந்தச் சங்கடம் உண்டு. .223 என்றும் 5.56 என்றும் இரண்டு வகை, பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஆனால் .223க்கென்று குடைந்த குழலில் 5.56 தோட்டாவைப் போட்டால் உள்ளே அழுத்தம் எகிறலாம். குழலில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற வேலையும் பூட்டுகிறவனுடையதுதான்.

நல்ல தொழிற்சாலையில் கடைசியில் ஒருத்தர் முழுசாகப் பூட்டிய ரைஃபிளை வாங்கிச் சோதித்துப் பார்த்துச் சுட்டு, பிறகுதான் பெட்டியில் வைப்பார். அங்கேயும் கோளாறு வரும், கம்பெனிகள் திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. ஆனால் போன் செய்தால் எடுக்க ஓர் ஆள் இருக்கிறார். எங்கள் ரைஃபிளுக்குப் பதினாறு பார்சல், பதினாறு பில். மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து கிடையாது.

பி.காம். முதல் வருஷம் பேலன்ஸ் ஷீட் சொல்லிக் கொடுத்தபோது ஒரு பக்கம் 'சொத்துகள்', மறுபக்கம் 'பொறுப்புகள்' என்று எழுதினோம். கடன்காரனுக்குத் தர வேண்டியதற்கு ஏன் 'பொறுப்பு' என்று பெயர் வைத்தார்கள் என்று அன்றைக்குப் புரியவில்லை. பிளேனோ கராஜில் புரிந்தது. கடையில் வாங்குகிறவன் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கு, 'இதற்கு நான் ஜவாப்தாரி' என்று இன்னொருத்தன் சொல்வதற்கான கூலி. தானே பூட்டுகிறவனுக்கு அது மிச்சமாவதில்லை. அது அவன் தலையில் ஏறுகிறது.

அப்போ எதுதான் நல்லது?

பெரியவரைக் கேட்டேன். முதல் ரைஃபிளைக் கடையில் வாங்கு, ஒரு வருஷம் சுட்டுப் பழகு, எது கையை உறுத்துகிறதோ அதை மட்டும் மாற்று என்றார். கட்டாயம் கையால் செய்துதான் ஆக வேண்டுமா? குழலும் போல்ட்டும் பொருத்திச் சோதித்த மேல்பாதியை முழுசாக வாங்கு, கீழ்ப்பாதியை மட்டும் பூட்டு, பூட்டியதை விவரம் தெரிந்த இன்னொருத்தரிடம் காட்டு என்றார். அசெம்பிள் செய்வதில் லாபம் இருக்கிறது, ஆனால் அது பணத்தில் வராது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். சரியாக வேலை செய்யாதபோது பயப்படத் தெரியும். அதற்கு 455 டாலர் அதிகம் கொடுக்கலாமா என்பது அவரவர் பர்ஸ், அவரவர் வீடு.

பூ மாதிரி அமுங்கிய ட்ரிகர் கழன்றது. 40 டாலர் சாதா ட்ரிகர் ஏறியது. லைசென்ஸ் உள்ள மெக்கானிக் ஒருவர் முழுசாகச் சோதித்துச் சரி என்ற பிறகுதான் ரேஞ்சுக்குப் போனோம். பத்தில் ஏழு நடுவில் விழுந்தது. பையன் முகத்தில் ரிச்சி தெரு சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி பெட்டிக்குள் போயிற்று. பெட்டியின் நம்பரை அவன் மனைவிதான் மாற்றி வைத்தாள்.

ஊருக்கு வந்து சூட்கேஸைப் பிரித்து, லுங்கியை உதறினேன். 'டிங்' என்று தரையில் ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தால்... அந்த ஸ்பிரிங்!

போன் போட்டேன். "மாப்ளே, கிடைச்சிடுச்சுடா! தபால்ல அனுப்பவா?"

"வேணாம்" என்றான். "நீயே வெச்சுக்கோ. அது உன் பொறுப்பு."