விண்ணகத் தோழர்

பொருள் தொலைந்தால் புனித அந்தோணியாரை அழைக்கிறோம். உதவி கேட்பது மட்டுமே நட்பாகுமா?

புனித தேவசகாயத்தைப் பார்ப்போம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். துன்பத்தில் வாடிய அவருக்கு, நண்பர் டிலனாய் விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றைக் கூறினார். யோபுவின் பொறுமை அவருக்குத் துணையாயிற்று. 1745-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்னும் பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராமல் எல்லோருடனும் பழகினார். சிறையிலும் விசுவாசத்தைக் கைவிட மறுத்து, 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல், இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதரானார்.

நண்பரிடம் கேட்பதோடு நில்லாமல், அவர் வழியிலும் நடப்பதே நட்பு. பொங்கலையொட்டி வரும் அவர் திருநாளில், எவரும் சேர்த்துக்கொள்ளாத தோழியின் அருகில் அமர்ந்து உண்போமா?